மார்பில் மாட்டிய பை

மும்பையில் லோக்கல் ரயில் ஏறப் போகிறவர் முதலில் முதுகுப் பையைக் கழற்றி மார்புப் பக்கம் மாட்டிக்கொள்வார். அந்தக் கூட்டத்தில் முதுகில் பையோடு நுழைய முடியாது. பின்னால் நிற்பவர் ஏசுவார். பிக்பாக்கெட் பயம் வேறு. பை முன்னால் வந்துவிட்டால் ஆள் தயார் என்று அர்த்தம். முலுண்ட் ஸ்டேஷனில் எங்கள் கட்டடத்து அண்ணாச்சி அப்படித்தான் பையை மார்பில் மாட்டி, அதை இரண்டு கையாலும் அணைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தாணாவிலிருந்து ஸ்லோ வண்டி வந்து நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை. அடுத்ததும் வந்தது, போனது.

“என்ன அண்ணாச்சி, ஏறலியா?”

“நீங்க ஏறுங்க தம்பி. நான் அடுத்ததுல வாரேன்.”

பல வாரமாகவே இப்படித்தான் என்று பிறகு மதினி சொன்னார். காலையில் நேரத்துக்குக் குளித்துக் கிளம்புகிறார். மத்தியானம் திரும்பி வருகிறார். டப்பாவில் வைத்த சோறு தொடாமல் இருக்கிறது. ஆபீசுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறார். காய்ச்சல் இல்லை, சுகர் இல்லை, எல்லா டெஸ்டும் நார்மல்.

எனக்கு அந்தப் பைதான் மனதை விட்டுப் போகவில்லை. போக வேண்டாம் என்று அவர் முடிவு செய்திருந்தால் பை மடியிலோ காலடியிலோ இருந்திருக்கும். போக வேண்டும் என்று நினைத்திருந்தால் கால் எழுந்திருக்கும். பை ஒன்று சொல்கிறது, கால் வேறொன்று சொல்கிறது. இரண்டும் ஒரே மனிதருடையவை. எதை நம்புவது?

எங்கள் கூட்டத்துக்கு இந்தக் கேள்வியே புதிது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவித் தோல் ஷாப்புகளுக்கு வந்தவர்களும், மாட்டுங்காவில் அறை எடுத்து குமாஸ்தா வேலைக்குப் போனவர்களும், இடம் போதாமலும் வாடகை கட்ட முடியாமலும் செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று நகர்ந்தவர்களும் ஒரே ஒரு பாடத்தைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்: வண்டியை விடாதே. நின்றால் சோறு இல்லை. அது பொய்யும் இல்லை. அந்தப் பாடத்தால்தான் நாங்கள் படித்தோம். அதனாலேயே நின்றுவிட்ட ஒருவரைப் பார்க்கும்போது எங்களுக்கு அவர்மேல் இரக்கம் வருவதற்கு முன்பு எரிச்சல் வருகிறது. “மனசு வச்சா எந்திரிக்க முடியாதா?” என்று லிஃப்டில் ஒருவர் கேட்டார். மனசுதானே எழுந்திருக்க மறுக்கிறது!

சின்ன வயதில் ஊரில் தாத்தாவிடம் ஒரு சோடி மாடு இருந்தது. அதில் ஒன்று உழவுக்கு நடுவில் படுத்துக்கொள்ளும். சண்டி மாடு என்று ஊரே சொன்னது. வாலை முறுக்கு, வைக்கோலைப் போட்டுத் தீ வை என்று ஆளாளுக்கு யோசனை. தாத்தா முதலில் நுகத்தடியை அவிழ்ப்பார். கழுத்தைத் தடவிப் பார்ப்பார், குளம்பைத் தூக்கி லாடத்தைப் பார்ப்பார். சில நாள் நுகம் உரசிய புண் அகப்படும். சில நாள் ஒன்றுமே அகப்படாது. அகப்படாத நாளில் அவரும் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். பொறுமை தீர்ந்து ஒரு நாள் அவரே அதை அடித்ததையும் பார்த்திருக்கிறேன். கடைசியில் அந்த மாடு சந்தைக்குப் போனது. அதற்கு என்ன நோவு என்று யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

ராண்டால்ஃப் நெஸ்ஸி என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 2000ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில், மனச்சோர்வு என்பது உயிர்களின் பரிணாமத்தில் ஏதோ ஒரு பயனுக்காக உருவான குணமா என்று கேட்டார். 2019இல் அதை விரித்து ஒரு புத்தகமும் எழுதினார். அவர் சொல்வதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவு: வலி இல்லாமல் பிறக்கும் குழந்தை பிழைப்பது கடினம், நாக்கைக் கடித்துக்கொள்ளும், சூடு தெரியாமல் கையை வைக்கும். உடம்புக்கு வலி எப்படியோ, முயற்சிக்கு மனத்தாழ்வு அப்படி. எட்டவே முடியாத ஒன்றின் பின்னால் ஓர் உயிர் தன் பலத்தையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தால், அதன் உற்சாகம் வடிய வேண்டும். கொஞ்சம் நில், இந்தப் பாதை சரியா என்று பார், முடியாவிட்டால் விட்டுவிடு என்று உள்ளிருந்து ஒரு தடை வர வேண்டும். பஞ்ச காலத்தில் காய்க்காத மரத்தடியையே சுற்றிக்கொண்டிருந்த நம் மூதாதை பிழைத்திருக்க மாட்டான்.

இவருக்கு முன்பே, 1975இல், எரிக் க்ளிங்கர் என்ற உளவியலாளர் இதன் படிகளைச் சொன்னார். வேண்டியது கைக்கு எட்டாதபோது மனிதன் முதலில் முன்பைவிட மும்முரமாக முயல்கிறான். பிறகு கோபம் வருகிறது. அதன்பின் சோர்ந்து விழுகிறான். கடைசியில் பிடியை விடுகிறான், விட்டபின் தேறுகிறான். அண்ணாச்சியின் போன வருஷத்தை நான் இதோடு வைத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையும் ஆபீசுக்குப் போன மாதங்கள் இருந்தன. வாட்ச்மேனிடம்கூடச் சண்டை போட்ட மாதங்கள் இருந்தன. அதற்குப் பிறகு பெஞ்ச். நான்காவது படிக்கு அவர் வரவில்லை. பையை மார்பிலிருந்து கழற்றவில்லை.

ஏன் கழற்றவில்லை என்பதற்கு ஜான் பிரைஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1967இல் ‘லான்செட்’ இதழில் எழுதியது ஒரு துப்பு தரலாம். கூட்டமாக வாழும் விலங்குகளில் தோற்றது தலை கவிழ்ந்து ஒதுங்கிக்கொள்கிறது. அதனால் மேலும் அடிபடாமல் தப்புகிறது. மனிதனின் சோர்விலும் அந்தப் பணிவு ஒளிந்திருக்கலாம் என்பது அவர் ஊகம். தன் மகன் வயதுள்ள மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்திய அன்றிலிருந்து அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டதாக மதினி சொன்னார். விலங்குக்கு ஒதுங்கிப் போகக் காடு இருக்கிறது. வீட்டுக் கடனும் பெண்ணின் காலேஜ் ஃபீஸும் உள்ளவர் எங்கே ஒதுங்குவார்? உள்ளிருப்பது ‘விடு’ என்கிறது, வெளியே இருப்பது எல்லாம் ‘விடாதே’ என்கிறது. பழைய மூளை இஎம்ஐ கட்டுவதற்காக உருவானதில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வந்தது. கல்லூரியில் தேர்வுக்காகப் படித்தது. அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது அது: பிறரால் இகழப்படுவது, இழப்பது, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்வது, வறுமை. பிரைஸ் சொன்ன தோல்வி முதலாவது. மூன்றாவது, எல்.பி.எஸ். மார்க் நெடுகத் தொழிற்சாலைகள் மூடி, அதே மனைகளில் மாலும் அடுக்குமாடியும் எழுந்தபோது முலுண்டில் எத்தனையோ வீடுகளுக்குள் நடந்தது. சோர்வுக்கு வெளியில் ஒரு காரணம் உண்டு, அதைத் தேடு என்றுதான் அந்தப் பழைய வகைப்பாடும் சொல்வதாக எனக்குப் படுகிறது.

ஆனால் மருத்துவத்தின் இன்னொரு வழி இதே மும்பையிலிருந்து கிளம்பியது. ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற இதய மருத்துவர், சர்ப்பகந்தா மூலிகை ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை 1949இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். அந்த வேரிலிருந்து பிரித்த ரெசர்பின் மாத்திரையை உலகமே விழுங்கியது. 1950களில், அதைச் சாப்பிட்ட சிலருக்கு இனம் தெரியாத சோகம் வந்ததாக மருத்துவர்கள் எழுதத் தொடங்கினார்கள். மூளையில் செரட்டோனின் முதலான ரசாயனங்களை அது வற்றச் செய்வதும் தெரிந்தது. ரசாயனக் குறைவே மனச்சோர்வு என்ற கருத்து வலுப்பெற்றதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்தத் தொடர்பு அவ்வளவு நேரானதா என்று பின்னாளில் கேள்வியும் எழுந்தது. இருந்தாலும் என்னை உலுக்கியது வேறு: யாரும் இகழவில்லை, எதையும் இழக்கவில்லை, ஒரு மாத்திரையே மனிதனைப் பெஞ்சில் உட்கார வைக்கலாம் என்றால், எல்லாச் சோர்விலும் ஒரு சேதியைத் தேடுவது வீண் வேலையாகிவிடாதா? புண்ணே இல்லாமலும் மாடு படுக்கலாம்.

நெஸ்ஸியே இதை ஒப்புக்கொள்கிறார். ஒரு குணத்துக்குப் பயன் உண்டு என்பதால் அது வரும் ஒவ்வொரு முறையும் பயன் தரும் என்றில்லை என்கிறார். தேவைக்கு மேல் அலறுவதும், அணையாமல் நீடிப்பதும், எச்சரிக்கை செய்யும் எதற்கும் நேரக்கூடியவை. கடும் மனச்சோர்வை அவர் நோயாகவே பார்க்கிறார், மருந்தும் கொடுத்திருக்கிறார். 2009இல் ஆண்ட்ரூஸ், தாம்சன் என்ற இருவர் இன்னும் ஒரு படி போய், சோர்ந்த மனம் ஒன்றையே அசைபோடுவது சிக்கலை அவிழ்க்கத்தான் என்றார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. “ஒரே பேச்சைத்தான் ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லுதாக” என்று மதினி சொன்னார். அதில் எந்தச் சிக்கலும் அவிழவில்லை, முடிச்சு இறுகியது. பட்டினி கிடந்து விழித்திருக்கும் மனிதரிடம் போய், இது உங்கள் நன்மைக்குத்தான் என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. உயிரையே வெறுக்கும் கட்டத்தில் உள்ளவரிடம் அப்படிச் சொல்வது கொடுமை.

முலுண்டுக்கு அடுத்த ஸ்டேஷன் தாணா. 1901இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அங்கே இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கத்தைச் சொல்லிக் கேலி செய்வதுபோல இங்கே தாணாவைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். தினமும் அந்தப் பக்கமிருந்து வரும் வண்டிக்குக் காத்திருக்கிற ஒருவர், எனக்கு மனசு சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்ல எவ்வளவு யோசித்திருப்பார்! காய்ச்சல் என்று சொல்லி லீவு போடுவதற்கு அந்த யோசனை வேண்டியதில்லை.

பெண் வற்புறுத்தி அவரை ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். மாத்திரை தொடங்கினார். அதே சமயத்தில் வேலையையும் விட்டார். இங்கேயே பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில், பாதிச் சம்பளத்துக்குக் கணக்கு எழுதப் போகிறார். ரயில் தேவையில்லை. இப்போது சாப்பிடுகிறார், தூங்குகிறார், கொஞ்சம் பேசுகிறார். அவரை எழுப்பியது மாத்திரையா, பிடியை விட்டதா? மாத்திரை தந்த தெம்பில்தான் விட முடிந்ததா? மருத்துவரையே கேட்டாலும் பிரித்துச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. அந்தக் கால் அன்றைக்குச் சொன்னது உண்மையா, நோயின் பிதற்றலா என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

தீரும்வரை காத்திருக்க முடியாது. 2015–16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் 20 பேரில் ஒருவரை வாழ்நாளில் ஒரு முறையாவது மனச்சோர்வு நோய் தொடுகிறது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே போவதில்லை. உங்கள் வீட்டில் ஒருவருக்குப் பசியும் தூக்கமும் ஆசையும் இரண்டு வாரத்துக்கு மேல் அற்றுப்போயிருந்தால் காரணத்தையும் தேடுங்கள், மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள். ஒன்று முடியட்டும் என்று மற்றதைத் தள்ளிப்போடாதீர்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலும் பேசலாம்.