நகைச்சுவையைப் பகிர்தலும் ஆக்கியோன் பெயரும்

நகைச்சுவைச் சித்திரம் ஒன்றைக் கண்டு மகிழ்ந்தவர் அதனைப் பிறருக்கும் காட்ட விழைதல் இயல்பு. தனித்துச் சிரிக்கும் சிரிப்பு நிறைவு தருவதில்லை. ஆயினும், இணையச் சித்திரக்கதைகள் பெருகிய இக்காலத்தில் இவ்வியல்பு ஓர் அறவினாவை எழுப்புகின்றது. ஆக்கியோன் பெயரை விடுத்துப் படத்தை மட்டும் வழங்குதல் ஈகையாகுமா?

அமெரிக்கரான றண்டல் மன்றோ 2005 முதல் வெளியிட்டுவரும் ‘எக்ஸ்கேசிடி’ இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். குச்சி உருவங்களால் அறிவியலையும் அன்றாட வாழ்வையும் நகையாடும் இச்சித்திரங்களை எவரும் கட்டணமின்றிக் காணலாம். ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டு, வணிக நோக்கின்றிப் பகிரவும் அவர் உரிமை அளித்துள்ளார். சித்திரத்தின்மீது கணினிச் சுட்டியை நிறுத்தினால் மறைந்திருக்கும் வாசகமொன்று தோன்றும். பல வேளைகளில் நகையின் உச்சம் அதுவே. படத்தை மட்டும் பிரதிசெய்து அனுப்புகையில் அவ்வாசகமும் அற்றுப்போகின்றது.

நாட்டார் நகைக்கதைகளுக்கு ஆசிரியர் பெயர் இல்லையே எனச் சிலர் வாதிடலாம். அக்கதைகளைச் சொன்னோர் ஒவ்வொருவரும் தம் சொல்லால் அவற்றைப் புதுக்கினர். ஆதலின் அவர்களும் ஆக்கியோரே. பிரதிசெய்பவரோ எதனையும் புதுக்குவதில்லை.

கட்டணம் பெறாத கலைஞருக்கு வாசகர் தேடி வருதலே முதற் கைம்மாறு. பெயர் நீங்கின் அவ்வழி அடைபடும். பெறுபவரும் ஒரு சித்திரத்தோடு நின்றுவிடுவார். எஞ்சிய மூவாயிரத்தை அறியார். பெயரையும் முகவரியையும் சேர்த்தனுப்ப ஒரு கணம் போதும். அக்கணத்தைச் செலவிட மறுப்பவர், பிறர் உழைப்பைக் கொண்டு தாம் வள்ளலாகத் தோன்ற முயல்பவரே.