ஓசையின் கணக்கும் மார்க்கமும்

இலங்கையின் அக்குறணைப் பள்ளிவாசல்களில் எழும் பாங்கை இசை என்று சொன்னால் பலர் மறுப்பார்கள். மறுப்பில் நியாயம் உண்டு. அது வணக்கத்துக்கான அழைப்பு, கேளிக்கையல்ல. ஆனால் ஓசை பற்றிய அறிவையே மார்க்கத்துக்குப் புறம்பாக்குவது நம் மரபின் பெரும் பகுதியைக் கைவிடுவதாகும். தந்தியைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும், மூன்றில் இரண்டாக்கினால் பஞ்சமம் பிறக்கும் என்ற கிரேக்கக் கணக்கை முஸ்லிம் அறிஞர்கள் ஏற்று வளர்த்தார்கள். எனினும் எல்லாவற்றையும் அப்படியே ஏற்கவில்லை. 950இல் மறைந்த அல்-ஃபாராபி, கோள்கள் சுழன்று இசை எழுப்புகின்றன என்ற பித்தகோரஸ் வழியினரின் கருத்தை மறுத்தார். எவ்வளவு துணிவான மறுப்பு! 13ஆம் நூற்றாண்டில் ஸஃபியுத்தீன் அல்-உர்மவி ஒரு ஸ்தாயியை 17 இடைவெளிகளாக வகுத்தார்.

இசைக்கருவிகளைக் கண்டிக்கும் ஹதீஸ் புகாரியின் தொகுப்பில் இருக்கிறதே என்பார்கள். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி அதை அறியாதவரல்லர். தம் இஹ்யா நூலில் அவர் குடிகாரரின் அடையாளமான தந்திக் கருவிகளையும் குழல்களையும் விலக்கினார். ஆயினும் இனிய ஓசை இனிமையினாலேயே ஹராமாகாது என்றும், பறவையின் குரலை யாரும் தடுப்பதில்லை என்றும் வாதிட்டார். விலக்கு பயன்பாட்டைச் சார்ந்தது, அறிவை அல்ல. குரல்வளம் இறைகொடை, கோட்பாடு எதற்கு என்பது இன்னொரு கேள்வி. குர்ஆன் ஓதும் காரிகள் பழகும் பயாத்தி, ரஸ்து, ஹிஜாஸ் ஆகிய மகாம்கள் என்னும் பண்முறைகள் வரையறுத்த இடைவெளிகளால் ஆனவை. ராகத்துக்காக எழுத்தை அளவுக்கு மீறி நீட்டுவதை ஓதல் விதிகளான தஜ்வீத் அனுமதிக்காது. அந்த மீறலைக் கண்டுபிடித்துத் திருத்த, ஓதலோடு ஓசையும் தெரிந்த ஆசிரியர் வேண்டும்.