யாரும் பார்க்காத பக்கம்

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கும் குப்பம் பகுதியில் இருக்கிறது சாந்திபுரம். அங்கு வசிக்கும் இளம் அன்பர் ஒருவர், ஓவியம் பழகுபவர், கடிதத்தில் ஒரு கேள்வி எழுப்பியிருந்தார். ‘நான்கு ஆண்டுகளாக வரைந்து வருகிறேன். கை ஓரளவு பழகிவிட்டது. ஆனால் வரைந்தவற்றைப் பரப்பி வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு யாரோ வரைந்தது போல் இருக்கிறது. இது என்னுடையது என்று சொல்லத்தக்க ஓர் ஓவியத் தொடர் எப்படி உருவாகும்? அல்லது, அப்படி ஆசைப்படுவதே அகங்காரமா?’

இதில் இரண்டு கேள்விகள் உள்ளன. முதலாவது, தொழில் பற்றியது. இரண்டாவது, அறம் பற்றியது. ஆனால் சற்று ஆழ்ந்து நோக்கினால் இரண்டுக்கும் விடை ஓரிடத்திலேயே கிடைப்பதைக் காணலாம்.

‘என்னுடையது’ என்றால் என்ன?

இக்கேள்விக்கு விடை தேட அந்த அன்பர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கிய ஸ்ரீகாளஹஸ்திக்குச் சென்றால் போதும். சுவர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ள அவ்வூர், கலம்காரி ஓவியத்திற்குப் பெயர் பெற்றது. ‘கலம்’ என்ற பாரசீகச் சொல்லுக்கு எழுதுகோல் என்று பொருள். மூங்கில் குச்சியைச் சீவி, அதன்மீது கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டுவார்கள். சுற்றிய பகுதி சாயத்தை உறிஞ்சி வைத்திருக்கும். விரலால் மெல்ல அழுத்த, முனை வழியாகச் சாயம் துணியில் இறங்கும்.

கலைஞர் முதலில் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துகிறார். பிறகு, எரித்த புளியங்குச்சியின் கரியால் உருவங்களை இலேசாக வரைகிறார். அதன்பின் இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் ஊறவைத்து எடுத்த கறுப்புச் சாயத்தால் கோடுகளை நிலைநிறுத்துகிறார். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த இடத்தில் கறுப்பு ஆழப் பதிந்துவிடும். கரிக்கோட்டைத் தட்டித் துடைத்துவிடலாம். சாயக்கோட்டைத் திரும்பப் பெற முடியாது.

அவர்கள் தலைமுறை தலைமுறையாக வரைபவை பெரும்பாலும் இராமாயண, மகாபாரதக் காட்சிகளே. பொருள் புதிதன்று, உருவங்களின் அமைப்பும் மரபு தந்தது. இருந்தும் பழகிய கண்களுக்கு ஒருவர் கோடு மற்றவர் கோட்டிலிருந்து வேறுபட்டுத் தெரிகிறது. 2008-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற ஜொன்னலகட்டா குரப்பச் செட்டி போன்ற கலைஞர்கள் இம்மரபில் நின்றே தமக்கென ஒரு பெயர் பெற்றனர். கண் இமையின் வளைவிலும், ஆடை மடிப்பிலும், கை விரல்களின் நெளிவிலும் ‘தன்னுடையது’ என்பது அழையாமலே வந்து அமர்ந்துவிடுகிறது.

இங்கே நமக்கு முதல் தெளிவு கிடைக்கிறது. தனித்தன்மையைத் தேடி எடுத்துக்கொள்ள முடியாது. வரையும் பொருளின்மீது நீண்ட காலம் கவனம் செலுத்துபவனிடம் அது தானாகவே படிகிறது. அதைத் தேடுபவன் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அதனால் மரத்தைப் பார்க்கத் தவறுகிறான்.

துடைக்கக்கூடிய கோடு

துணியில் சாயம் இறங்குவதற்கு முன் கரிக்கோடு இருப்பதுபோல, தொடர் ஓவியம் பிறப்பதற்கு முன் ஓவியனின் வரைநோட்டு இருக்கிறது. ஓவியர்கள் அதை ‘ஸ்கெட்ச் புக்’ என்பார்கள். அது தவறு செய்வதற்கென்றே ஒதுக்கப்பட்ட இடம். விலைக்கு உரியதன்று, சுவரில் மாட்டுவதற்கும் உரியதன்று. யாரும் பார்க்காத பக்கம் அது.

இன்று அப்பக்கம் மெல்ல மறைந்து வருகிறது. வரைந்த கோடு உலர்வதற்குள் அதைக் கைபேசியில் படமெடுத்துப் பலருக்கும் அனுப்பிவிடுகிறோம். பாராட்டு வருகிறது. எந்தப் படத்திற்கு அதிகப் பாராட்டு வந்ததோ, அடுத்த நாள் கை தானாக அதே வகைப் படத்தை நாடுகிறது. இதில் பெரிய குற்றம் ஏதுமில்லை. ஆனால் ஒரு நுட்பமான பொய் இங்கே தொடங்குகிறது. நான் கண்டதை வரைவதற்குப் பதிலாக, பிறர் விரும்புவார்கள் என்று கருதுவதை வரைகிறேன். அன்பரின் ஓவியங்கள் யாரோ ஒருவருடையவை போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். யாரும் பார்க்காதபோதும் உண்மையாக இருப்பதே ஒழுக்கத்தின் முதல் சோதனை என்றால், வரைநோட்டு அச்சோதனையைத் தினமும் நடத்துகிறது.

தொடர் எவ்வாறு பிறக்கிறது?

சாந்திநிகேதனத்தில் கலாபவனத்திற்குத் தலைமை வகித்த நந்தலால் போஸ் (1882-1966), சிறிய அட்டைகளில் இடைவிடாது வரைந்து வந்தவர். ஆடு, மரம், வழிப்போக்கர், வீட்டு வேலை என எதிர்ப்பட்டவை எல்லாம் அவற்றில் இடம்பெற்றன. 1938-இல் குஜராத்தின் ஹரிபுராவில் காங்கிரஸ் மகாநாடு நடந்தபோது, காந்தியடிகளின் விருப்பப்படி அவரும் அவருடைய மாணவர்களும் ஏறத்தாழ 400 சுவரொட்டி ஓவியங்களைத் தயாரித்தனர். உழவர், குயவர், தச்சர், மத்தளம் கொட்டுபவர் முதலிய சாதாரண மக்களே அவற்றின் நாயகர்கள். குறுகிய காலத்தில் அத்தனை ஓவியங்கள் உருவாயின என்று நாம் வியக்கிறோம். ஆனால் சிற்றட்டைகளில் பல்லாண்டுகள் பழகிய கையே அங்கே வேகமாக ஓடியது.

ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1760-இல் பிறந்தவர். மனிதர், விலங்கு, செடி, அலை, தொழிற்கருவி என அவர் வரைந்து குவித்த கோட்டோவியங்கள் 1814 முதல் 15 தொகுதிகளாக அச்சேறின. ஃபூஜி மலையைப் பற்றிய அவரது புகழ்பெற்ற தொடர் வெளிவரத் தொடங்கியபோது அவருக்கு வயது எழுபது. 36 காட்சிகள் என்று பெயரிடப்பட்ட அத்தொடர் 46 படங்களாக விரிந்தது. அவற்றுள் ஒன்றில் தொழிலாளி ஒருவர் பெரிய மரப்பீப்பாய்க்குள் நின்று வேலை செய்கிறார். அப்பீப்பாயின் வட்டத்தின் வழியே தொலைவில் மலை ஒரு சிறு முக்கோணமாகத் தெரிகிறது. மலை ஒன்றுதான், பார்வை ஒவ்வொரு முறையும் புதிது.

நம் தமிழகத்தில் ஓவியர் கே.எம். ஆதிமூலம் (1938-2008), காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி, காந்தியடிகளைக் கறுப்பு மைக்கோடுகளால் மீண்டும் மீண்டும் வரைந்தார். நாடறிந்த, எல்லாரும் வரைந்த ஒரு முகம் அது. ஆயினும் அத்தொடர் ஆதிமூலத்தினுடையது என்றே இன்றும் அறியப்படுகிறது.

இம்மூவரிடமும் பொதுவாக உள்ளது என்ன? முதலில் அப்பியாசம், பிறகு தேர்வு. நிறைந்துபோன நோட்டுகளைப் புரட்டிப் பார்க்கும்போது, நாம் திட்டமிடாமலேயே கை மீண்டும் மீண்டும் சென்ற இடம் ஒன்று தெரியவரும். அதை ஏற்று மற்றவற்றைச் சிறிது காலம் விட்டுவிட வேண்டும். இந்த விடுதல் எளிதன்று. நன்றாக வரும் பலவற்றைத் துறந்தால்தான் ஒன்று ஆழமாகும். வைராக்கியம் என்னும் சொல் துறவியருக்கு மட்டும் உரியதன்று.

தளர்ந்த கவனம்

‘ஒன்றையே திரும்பத் திரும்ப வரைந்தால் அது இயந்திரத்தின் வேலை ஆகிவிடாதா?’ என்று கேட்கலாம். ஆகிவிடக்கூடும். காளிதாசரின் ‘மாளவிகாக்னிமித்திரம்’ நாடகத்தில் இதற்கு ஓர் அரிய குறிப்பு உண்டு. மாளவிகையின் ஓவியத்தை முன்பே கண்டிருந்த மன்னன், அவளை நேரில் கண்டதும், ஓவியத்தில் அவள் அழகு முழுமையாக வரவில்லை என்று உணர்கிறான். அக்குறைக்கு அவன் கூறும் காரணம் கையின் திறமைக்குறைவு அன்று; ஓவியரின் ‘சிதில சமாதி’, அதாவது தளர்ந்துபோன மன ஒருமை. யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசாமி இச்சொல்லை எடுத்துக்காட்டி, நம் நாட்டில் ஓவியக் குறை என்பது கவனத்தின் குறையாகவே கருதப்பட்டது என விளக்கினார்.

ஆகவே திரும்ப வரைவது வேறு, திரும்பப் பார்ப்பது வேறு. நேற்றைய படத்தைப் பார்த்து இன்று வரைபவன் தன்னையே நகலெடுக்கிறான். இன்றைய மரத்தைப் பார்த்து வரைபவனுக்கு நேற்று தெரியாத ஒரு கிளை தெரிகிறது.

இந்தக் கவனம் மனிதனை நல்லவனாக்குமா? தானாகவே ஆக்கும் என்று சொல்ல முடியாது. சுமை தூக்குபவரின் தோள்பட்டையை நுட்பமாக வரைந்துவிட்டு, அவர் தாகத்தோடு நிற்பதைக் கவனியாமல் போகும் ஓவியனும் இருக்கலாம். ஆனால் ஒரு முகத்தை அரைமணி நேரம் உற்று நோக்கியவனுக்கு, அந்த முகத்தை இகழ்ந்து பேசுவது கடினமாகும். கதவு திறக்கப்படுகிறது, உள்ளே நுழைவது அவரவர் பொறுப்பு.

அன்பரின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். விருப்பம் அகங்காரம் ஆவது, பெயரை முன்வைத்துப் பொருளைப் பின்தள்ளும்போது. பொருளை முன்வைத்தால் அதே விருப்பம் சாதனையாகிறது. செய்யத்தக்கது எளியது. வீட்டருகில் உள்ள ஒரு புளியமரமோ, அப்பகுதியின் கருங்கல் பாறையோ, தண்ணீர்த் தொட்டியருகே நிற்கும் மாடுகளோ, ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். நாள்தோறும் ஒரு பக்கம், முப்பது நாள். மூலையில் தேதி இடவேண்டும். பிடிக்காத பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. அந்த முப்பது நாளும் யாருக்கும் காட்டக் கூடாது.

முப்பத்தோராம் நாள் எல்லாப் பக்கங்களையும் தேதி வரிசையில் பரப்பிப் பார்க்கட்டும். முதல் சில பக்கங்களில் வரைந்தவரே மிகுதியாகத் தெரிவார். எந்தப் பக்கத்தில் அவர் சற்று விலகி மரம் முன்னே வருகிறதோ, அந்தப் பக்கத்திலிருந்து தொடர் தொடங்குகிறது.