இங்கிலீஷ் யார் வீட்டுச் சொத்து?

'தமிழைக் காப்பாத்தணும், பிள்ளைங்களத் தமிழ்வழியில படிக்க வையுங்க' என்று சேரிக்கு வந்து சொல்கிறார்கள். சரி. 'உங்க பிள்ளை எங்க படிக்குது?' என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. மொழியைக் காக்கிற கடமை ஒரு சாராருக்கு, மொழியால் வருகிற பதவி இன்னொரு சாராருக்கு என்று பங்கு பிரிப்பது நியாயமா? இதுதான் கேள்வி.

திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா. கல்விமணி போன்றவர்கள் தாய்த்தமிழ்ப் பள்ளி தொடங்கி உழைத்தார்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். நான் பேசுவது உழைக்காமல் உபதேசம் செய்கிறவர்களைப் பற்றி.

என் அம்மா விழுப்புரம் பக்கம் கரும்பு வெட்டப் போனவள். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்த நான் கல்லூரியில் இங்கிலீஷ் புத்தகத்தின் முன் ஊமையாக உட்கார்ந்தேன். 'ரிசர்வேஷன்ல வந்தவன்' என்று சிரித்தார்கள். கான்வென்டில் படித்த பையனுக்கு இருந்தது மூளை. எனக்கு இல்லாமல் போனது தகுதி! காசு கொடுத்து வாங்கிய பழக்கத்துக்கு அறிவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதே கரும்புக்காக 1860 முதல் நம் ஆற்காட்டுச் சனங்கள் கப்பலேறி நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களின் வாரிசுகள் பலர் இன்று டர்பனில் வீட்டிலும் இங்கிலீஷே பேசுகிறார்கள். ஒன்று கிடைத்தது, ஒன்று போனது. ஆனால் பின்லாந்துப் பிள்ளைகள் தாய்மொழியில் படித்துக்கொண்டே இங்கிலீஷையும் நன்றாகக் கற்கிறார்கள். அங்கே நல்ல வாத்தியார் ஊருக்கெல்லாம் பொது. இங்கே காசுள்ளவனுக்கு. நம் அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் திறந்தார்கள். வழி மாறினால் மட்டும் போதுமா? சொல்லிக்கொடுக்கிற முறை மாற வேண்டாமா?

இங்கிலீஷ் கேட்பது தமிழுக்குத் துரோகம் என்பவர்களுக்கு ஒரு சேதி. 1893இல் 'பறையன்' என்று தமிழில் பத்திரிகை தொடங்கியவர் இரட்டைமலை சீனிவாசன். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்து நம் வழக்கை இங்கிலீஷில் வைத்தவரும் அவர்தான். தன் சனத்தோடு பேச ஒரு மொழி, அதிகாரத்தோடு வழக்காட ஒரு மொழி. இரண்டும் அவருக்கு வேண்டியிருந்தன. நமக்கும் வேண்டும்.

தமிழ் நம் உழைப்பில் வளர்ந்த மொழி. ஏரோட்டியும் நாற்று நட்டும் பாடிய மொழியை விடச் சொல்லி யாரும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டாம். காக்கச் சொல்லியும் எடுக்க வேண்டாம். தமிழைக் காப்பது எல்லாருடைய வேலை என்றால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கு வரட்டும். அதுவரை இங்கிலீஷைக் கேட்பது ஆசையல்ல. நமக்குச் சேர வேண்டிய பங்கு.