எல்லைக்கல்லுக்கு உள்ளே ஏற்ற நோன்பு

நோன்பு என்று சமய நூல்கள் கூறுவது, புறத்தே எவருடைய கட்டாயமும் இல்லாத நிலையில், ஓர் உயிர் தன் விருப்பத்தின் மேல் தானே விதித்துக்கொள்ளும் வரம்பையாகும். உணவு கிடைக்காமல் வயிறு வாடினால் அது பட்டினி. கிடைத்த உணவைத் தானே விலக்கி வைத்து வாடினால் அது நோன்பு. வாட்டம் இரண்டிலும் ஒன்றே ஆயினும், ஒன்று மனிதனைத் தாழ்த்துவதும் மற்றொன்று அவனை உயர்த்துவதும் மனத்தின் இசைவினால் நிகழ்கின்றன. இந்த இசைவை ஒரு தனி மனிதரிடம் காண்பதே அரிது. ஓர் ஊர் முழுவதும், அதுவும் கொள்ளைநோயின் நடுவே, இவ்வாறு இசைந்து நின்றது என்பது ஆன்மீக வரலாற்றில் நெடுநேரம் தங்கிச் சிந்திக்க வேண்டிய செய்தியாகும். அவ்வூர் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மாவட்டத்து மலைப்பகுதியில் உள்ள ஈம். காலம் 1665, 1666ஆம் ஆண்டுகள்.

அந்த ஆண்டுகளில் லண்டன் நகரைப் பிளேக் நோய் சூறையாடிக்கொண்டிருந்தது. இறந்தோர் பட்டியலில் பதிவானவர்களே 68,000 பேருக்கு மேற்பட்டவர்கள்; உண்மைத் தொகை ஏறத்தாழ 1,00,000 இருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கின்றனர். அரசர் இரண்டாம் சார்லஸும் அவையினரும் நகரை விட்டு வெளியேறிவிட, நோய் புகுந்த வீடுகள் வெளியிலிருந்து பூட்டப்பட்டு, கதவில் செந்நிறச் சிலுவை தீட்டப்பட்டு, வாயிலில் காவலர் நிறுத்தப்பட்டனர். நோயுற்றவரோடு நலமுள்ளவரும் 40 நாள் உள்ளே அடைபட்டுக் கிடக்க வேண்டும் என்பது விதி. கூரை வழியே தப்பியோடியவர்களும் காவலரைத் தாக்கியவர்களும் உண்டு. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பூட்டு வெளியே இருக்கும்போது உள்ளே இருப்பவரின் மனம் முழுவதும் கதவின் மேலேயே இருப்பது இயல்பு.

ஈம் கிராமத்துக்கு நோய் வந்த வழி மிக எளியது. 1665ஆம் ஆண்டு கோடையின் இறுதியில், அலெக்சாண்டர் ஹேட்ஃபீல்டு என்ற தையற்காரரின் வீட்டுக்கு லண்டனிலிருந்து ஒரு துணிப்பொதி வந்தது. ஈரமாயிருந்த துணியை விரித்து நெருப்பருகே உலர்த்தியவர் அவரிடம் வேலை செய்த ஜார்ஜ் விக்கர்ஸ். சில நாட்களில் அவர் காய்ச்சலில் வீழ்ந்து இறக்க, செப்டம்பர் 7ஆம் நாள் அடக்கம் செய்யப்பட்டார். துணியோடு வந்த தெள்ளுப்பூச்சிகளே நோயைக் கொணர்ந்தன என்பது இன்றைய விளக்கம். எலிகளிடமும் அவற்றின் மேல் வாழும் தெள்ளுகளிடமும் தங்கி, கடியின் வழியே மனித உடலுக்குள் புகுந்து, அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறிக்கட்டிகளை வீங்கச் செய்யும் அந்த நுண்ணுயிரை 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் யெர்சின் கண்டறிந்தார். ஈம் மக்களுக்கோ காரணம் எதுவும் தெரியாது. நோய் இறைவனின் சினம் என்பதும், அது கெட்ட காற்றாலும் தொடுதலாலும் பரவுகிறது என்பதுமே அவர்கள் அறிந்தவை.

குளிர்காலத்தில் தணிந்திருந்த நோய் 1666 ஜூனில் மீண்டும் எழுந்தபோது, ஊரின் போதகர் வில்லியம் மாம்பெசனுக்கு வயது 30ஐ எட்டவில்லை. ஈமுக்கு வந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஊர் மக்களின் நெஞ்சில் அவருக்கு முன்பிருந்த போதகரான தாமஸ் ஸ்டான்லியே நிறைந்திருந்தார். இவ்விருவருக்கும் இடையே இருந்த பிளவு சாதாரணமானதன்று. ஸ்டான்லி, திருச்சபையின் சடங்குகளை மேலும் எளிமையாக்கித் தூய்மை செய்ய வேண்டும் என்று விழைந்த பியூரிட்டன் மரபினர். எல்லாத் திருச்சபைகளும் அரசு ஏற்ற பொது ஜெபப் புத்தகத்தின்படியே ஆராதனை நடத்த வேண்டும் என்று 1662இல் வந்த ஒருமைப்பாட்டுச் சட்டத்துக்கு இசைய மறுத்து, நாடெங்கும் பதவி இழந்த ஏறத்தாழ 2,000 போதகர்களுள் அவரும் ஒருவர். 1665இல் பிறந்த மற்றொரு சட்டம் இன்னும் கொடியது: அரசு கேட்ட உறுதிமொழியை அளிக்காத அத்தகைய போதகர் எவரும், தாம் முன்பு பணியாற்றிய ஊருக்கு ஐந்து மைல் தொலைவுக்குள் தங்கலாகாது. அரசின் பார்வையில் ஸ்டான்லி ஈமில் இருப்பதே குற்றமாகக் கருதத்தக்கது. மாம்பெசனோ அவரை வெளியேற்றிய அதே ஒருமைப்பாட்டுச் சட்டத்துக்கு இசைந்து அப்பீடத்தில் அமர்ந்தவர்.

அந்த இளைஞர் தம் பதவிக்கு நிழலாக நின்ற முதியவரை நாடிச் சென்றார். முதியவரும் தம் இடத்தில் அமர்ந்தவரோடு சேர்ந்து நின்றார். ஊர் தன் எல்லையை அடைத்ததைப் பலரும் பெரிதாகப் போற்றுவர். ஆனால் அந்த அடைப்புக்கு முன்னே நிகழ்ந்த இந்தத் திறப்பே அருளின் முதற்செயல் என்று கொள்ளத் தகும். மாம்பெசன் மட்டும் கேட்டிருந்தால் ஊரில் ஒரு பாதி செவிசாய்த்திராது. ஸ்டான்லி மட்டும் கேட்டிருந்தால் அதற்கு அதிகாரம் இராது. வேதாகமத்தின் ஒரே வசனத்தை எந்தச் சடங்கோடு ஓதுவது என்பதற்காக நாட்டையே இரண்டாக்கிய பகை, மரணம் வாயிலில் நின்றபோது அந்த இருவரிடையே ஒதுங்கி நின்றது.

அந்த ஜூன் மாதத்தில் இருவரும் ஊரார் முன் வைத்த தீர்மானங்கள் மூன்று. இறந்தவரை ஆலயத்து அடக்கநிலத்துக்குக் கொண்டுசெல்லாமல், அவரவர் குடும்பத்தாரே தம் தோட்டத்திலோ வயலிலோ அடக்கம் செய்ய வேண்டும். ஆலயத்தை மூடிவிட்டு, கக்லெட் டெல்ஃப் என்னும் பள்ளத்தாக்கின் திறந்தவெளியில் குடும்பம் குடும்பமாக விலகி நின்று வழிபட வேண்டும். நோய் அடங்கும் வரை எவரும் ஊரின் எல்லையைக் கடக்கலாகாது.

இவற்றுள் மூன்றாவதே புகழ்பெற்றது. எனினும் ஆன்மீக நோக்கில் இரண்டாவது சற்றும் குறைந்ததன்று. நோயை இறைவனின் தண்டனையாக நம்பிய ஒரு சமுதாயம், அத்தண்டனை நீங்க வேண்டி மேலும் மேலும் ஆலயத்தில் கூடுவதே எதிர்பார்க்கத்தக்கது. இத்தாலியின் மிலான் நகரில் 1630ஆம் ஆண்டு பிளேக் பரவியபோது, மக்களின் வேண்டுகோளுக்கு இணங்கிப் புனித சார்லஸ் பொரோமியோவின் திருவுடல் பெருங்கூட்டத்தோடு வீதிவலம் கொண்டுவரப்பட்டது; அதன் பின் சாவுகள் பெருகின. அந்தக் கூட்டத்தின் பக்தி பொய்யானதன்று. அண்டை மனிதனின் உடல் மேல் கவனம் கொள்ளாத பக்தியாக அது இருந்தது என்பதே துயரம். ஈம் மக்களோ, தலைமுறைகளாகத் தங்கள் ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் நிகழ்ந்த ஆலயத்தின் கதவைத் தாங்களே சாத்தினர். அருகில் நிற்பவரின் மூச்சுக்கு ஊறு நேராமல் காப்பதும் ஆராதனையின் ஒரு பகுதி என்று, அப்படிச் சொல்லத் தெரியாமலேயே, அவர்கள் உணர்ந்திருந்தனர். கக்லெட் டெல்ஃபில் இன்றும் ஆண்டுதோறும் ஆகஸ்டின் கடைசி ஞாயிறன்று நினைவு வழிபாடு நடைபெறுகிறது.

முதல் தீர்மானம் எவ்வளவு கடுமையானது என்பதை அக்காலக் கிறிஸ்தவ நம்பிக்கையை அறிந்தால் மட்டுமே அளவிட முடியும். ஆலயத்தின் அடக்கநிலம் புனிதப்படுத்தப்பட்ட மண். இறுதிநாளில் உயிர்த்தெழுவோர் தம் முன்னோரோடு ஒருங்கே எழும் இடம் அது என்ற நம்பிக்கையில் வாழ்ந்தவர்கள், தம் குழந்தைகளை மணியோசையும் போதகரின் செபமும் இன்றி வயலில் புதைக்க இசைந்தனர். ஊருக்கு வெளியே ரைலி என்னும் பண்ணையில் வாழ்ந்த எலிசபெத் ஹான்காக், 1666 ஆகஸ்டின் தொடக்கத்தில் எட்டே நாட்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் இழந்து, தொற்றுக்கு அஞ்சி உதவிக்கு எவரும் அணுகாத நிலையில், ஒவ்வொருவரையும் தாமே இழுத்துச் சென்று புதைத்தார். அந்தக் கல்லறைகள் இன்றும் ஒரு சிறு சுவருக்குள் நிற்கின்றன. அந்தத் தாயின் துயரத்தைத் தியாகம் என்ற ஒரு சொல்லில் அடக்கிப் புகழ்ந்துவிட்டு நகர்வது அவருக்குச் செய்யும் அநீதி. அவர் தேர்ந்தது எல்லைக்குள் இருப்பதை மட்டுமே. அந்த எட்டு நாட்களை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. நோன்பை ஏற்பவர் அதன் விலையை முன்கூட்டி அறிவதில்லை என்பதே நோன்பின் உள்ளார்ந்த அச்சமாகும்.

எல்லைக்குள் அடைபட்ட ஊர் உண்டது எவ்வாறு என்ற கேள்விக்கு விடை, எல்லைக்கு வெளியே இருந்தவர்களிடம் உள்ளது. சாட்ஸ்வொர்த் மாளிகையில் வாழ்ந்த டெவன்ஷயர் பிரபு உணவும் மருந்தும் அனுப்பினார். அண்டை ஊரான ஸ்டோனி மிடில்டனுக்குச் செல்லும் பாதையில், குழிகள் குடையப்பட்ட ஒரு கல் எல்லைக்கல்லாக நின்றது. ஈம் மக்கள் குழிகளில் வினிகர் என்னும் காடியை ஊற்றி, அதில் காசுகளை இட்டு அகல, அயலூரார் பண்டங்களை வைத்துக் காசை எடுத்துச் சென்றனர். ஊருக்கு வடக்கே மாம்பெசன் கிணறு என்று இன்று வழங்கும் நீரூற்றிலும் இவ்வாறே கொடுக்கல் வாங்கல் நடந்தது. ஒரு தரப்பு மற்றதன் நேர்மையை நேரில் காணாமல் நம்பியது. காசு இராது என்று அயலூராரோ, பண்டம் வராது என்று ஈம் மக்களோ எண்ணியிருந்தால் அந்த எல்லை ஒரு வாரம்கூட நின்றிராது.

இவ்வரலாற்றைப் போற்றுவோர் சில கேள்விகளைத் தவிர்க்கலாகாது. இசைவு உண்மையிலேயே எல்லாருடையதுமா? வசதி படைத்த சிலர் முன்னரே வெளியேறியிருந்தனர். மாம்பெசன் தம் இரு குழந்தைகளையும் எல்லை அடைபடும் முன்பே வெளியூருக்கு அனுப்பிவிட்டார். ஏழைகளுக்கோ புகலிடம் இல்லை. அவர்களை வேற்றூர்கள் திருப்பி அனுப்ப 1662ஆம் ஆண்டின் குடியமர்வுச் சட்டமும் இடமளித்தது. ஆகவே ஒரு பகுதியினரின் இசைவு வேறு வழியின்மையோடு கலந்தே இருந்திருக்கும். இந்தக் கலப்பு நோன்பைக் களங்கப்படுத்துகிறது என்று கூறுவோர் மனித உள்ளத்தை அறியாதவர். எந்த அடியாரின் துறவிலும் விரக்தியும் அச்சமும் ஓரளவு கலந்தே இருக்கும், அவற்றினூடேதான் அன்பு வழி காண்கிறது. இரண்டாவது கேள்வி இன்னும் கனமானது. ஈமின் திருச்சபைப் பதிவுகளை ஆராய்ந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கு பெரும்பாலான தொற்று மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவியதாகக் கணித்தது. அப்படியானால் அயலூர்கள் காக்கப்பட்டது எவ்வளவு மெய்யோ, ஒரே எல்லைக்குள் நெருங்கி வாழ்ந்ததால் ஊருக்குள் சிலர் கூடுதலாக மாண்டிருக்கலாம் என்பதும் அவ்வளவு மெய்யாகலாம். காக்கப்பட்டவர் எவர் என்று ஒருவரையும் சுட்டிக்காட்ட இயலாது. மாண்டவரின் பெயர்களோ பதிவேட்டில் வரிசையாக உள்ளன. பலன் கண்ணுக்குத் தெரியாமலும் இழப்பு மட்டுமே கண்முன் நிற்கவும் செய்யும் செயல் அதுவாயிருந்தது.

அந்த இழப்பு மாம்பெசனின் வீட்டையும் விடவில்லை. குழந்தைகளோடு வெளியேறும்படி அவர் வேண்டியும் மறுத்து, கணவரோடு நோயுற்றோரைக் கவனித்துவந்த மனைவி கேத்தரின், ஆகஸ்டு 25ஆம் நாள், 27 வயதில் இறந்தார். அந்த ஒரு மாதத்தில் மட்டும் மாண்டவர் 78 பேர். நவம்பர் முதல் நாள் நேர்ந்த சாவோடு நோய் ஓய்ந்தபோது, 14 மாதங்களில் 76 குடும்பங்களைச் சேர்ந்த 260 பேர் மறைந்திருந்தனர். ஊரின் மக்கள்தொகை 350 என்பது பழைய கணக்கு. அது 700 அளவில் இருந்திருக்க வேண்டும் என்பது பிற்கால ஆய்வாளரின் கருத்து. எவ்வாறு கொண்டாலும் அண்டை ஊர்களுக்கு நோய் பரவவில்லை.

மாம்பெசன் சில ஆண்டுகளில் நாட்டிங்ஹாம்ஷயரின் ஈக்ரிங் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டார். பிளேக் ஊரிலிருந்து வந்தவர் என்று அஞ்சிய அவ்வூரார் தொடக்கத்தில் அவரை உள்ளே அனுமதிக்காததால், அருகிலிருந்த ரஃபோர்டு பூங்காவில் ஒரு குடிசையில் அவர் தங்க நேர்ந்ததாக மரபுச் செய்தி கூறுகிறது. பிறரைக் காக்கத் தம்மை அடைத்துக்கொண்டவர், காக்கப்பட்டவரின் அச்சத்தால் மீண்டும் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டார். ஸ்டான்லிக்கும் இது போன்றதே நேரவிருந்தது. ஊர் ஒன்றுபட்டு நின்ற ஆண்டு கடந்ததும் பழைய பகை தலைதூக்க, சட்டத்தை மீறி ஈமில் தங்கியிருக்கும் அவரை வெளியேற்றுமாறு சிலர் டெவன்ஷயர் பிரபுவிடம் முறையிட்டனர். அந்த மனிதர் ஊருக்கும் சுற்றுப்புறத்துக்கும் செய்ததை எண்ணினால், நாடு அவருக்கு நன்றி காட்டுவதே முறையாகும் என்ற கருத்தில் பிரபு அம்முறையீட்டை மறுத்துவிட்டார். அதன்பின் எவரும் அவரை வெளியேற்றவில்லை. 1670இல் இறக்கும் வரை ஸ்டான்லி ஈமிலேயே வாழ்ந்தார்.