அங்குலிமாலன் நின்ற பாதை

சாம்பியன் ரீப்ஸ் என்றதும் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய தங்கச் சுரங்கம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். தமிழ் பௌத்தத்துக்கும் அது ஒரு முகவரி. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் பக்கத்து மாரிக்குப்பத்தில் கிளை விட்டது; சாம்பியன் ரீப்ஸ் சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய எழுத்துகளை அச்சிட்டது. பழங்கதை எதையும் கேள்வி கேட்காமல் விடாதவர் பண்டிதர். அந்த ஊரில் நின்றுகொண்டு பௌத்தத்தின் பேர்போன கதை ஒன்றையே குறுக்கு விசாரணை செய்வதில் தப்பில்லை.

பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தில் 86ஆவதாக வரும் அங்குலிமால சுத்தம் (சூத்திரம்) அது. சாவத்தி நகருக்கு வெளியே காட்டுவழியில் ஒரு கொலைகாரன். வெட்டிய விரல்களை மாலையாகப் போட்டுக்கொண்டிருக்கிறான். மாடு மேய்ப்பவர்களும் உழவர்களும் புத்தரை மறிக்கிறார்கள்: பத்துப் பேர், இருபது பேர், நாற்பது பேராகப் போனவர்கள்கூட அவனிடம் சிக்கியிருக்கிறார்கள், போகாதீர்கள் என்று. புத்தர் தனியாகப் போகிறார். கொலைகாரன் துறவியாகிறான்.

அவன் திருந்தியதையே எல்லோரும் பேசுகிறார்கள். அந்த நாற்பது பேர்? அப்படிச் சிக்குபவர்கள் இன்றும் உண்டு.

2025 மார்ச் 6ஆம் தேதி இரவு, கர்நாடகத்தில் ஹம்பிக்கு அருகே சானாபூரில் ஐந்து பேர் துங்கபத்திரைக் கால்வாய் ஓரம் நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்ரோல் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வந்த மூவர், பிறகு பணம் கேட்டார்கள். ஆண்கள் மூவரையும் கால்வாயில் தள்ளிவிட்டு இரண்டு பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். தள்ளப்பட்டவர்களில் ஒடிசாக்காரர் ஒருவர் மீளவில்லை. தனியாகப் போகாதே, கூட்டமாகப் போ என்பதுதான் மலையேறுபவர்களுக்கு எல்லோரும் சொல்லும் முதல் புத்திமதி. சானாபூரிலும் கூட்டமாகத்தான் இருந்தார்கள். மேய்ப்பர்கள் அன்றே சொன்னதுதான்.

அஞ்சாமல் நட என்று அங்குலிமாலன் கதையிலிருந்து பாடம் எடுப்பது ஆபத்து. புத்தருக்கு இருந்தது சித்தி என்னும் அற்புத ஆற்றல். சனிக்கிழமை மலையேறப் போகிறவருக்கு இருப்பது தண்ணீர் பாட்டிலும் சிக்னல் கிடைக்காத செல்போனும். வழிப்போக்கரைக் காப்பது மன்னன் கடமை என்பதைக் கதையும் மறக்கவில்லை. மன்னன் பசேனதி ஐந்நூறு குதிரை வீரர்களோடு கிளம்பி வருகிறான். என்ன, கொஞ்சம் தாமதமாக.

மன்னிப்பு விஷயத்திலும் சுத்தம் நாம் நினைப்பதைவிடக் கறார். துறவியான பின்னும் பிச்சைக்குப் போன இடத்தில் அங்குலிமாலன் மேல் கல்லும் தடியும் ஓடும் வந்து விழுகின்றன. மண்டை உடைந்து, திருவோடு நொறுங்கி, கிழிந்த சீவரத்தோடு திரும்புகிறான். பொறுத்துக்கொள், இது உன் வினையின் பலன் என்கிறார் புத்தர். எறிந்தவர்கள் யார் என்று சுத்தம் சொல்வதில்லை. செத்தவர்களின் உறவினர்களாக இருக்கலாம் என்று வாசகர்தான் ஊகிக்க வேண்டும். அவர்களுக்கும் ஒரு பக்கம் கொடுத்திருக்கலாம்.

கதையில் ஒரு சௌகரியம் உண்டு: குற்றவாளி யார் என்பது எல்லோருக்கும் தெரியும். நிஜத்தில் எப்போதும் அப்படி இல்லை. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதிக் காட்டில் 2011 மே மாதம் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டது. கைதானவருக்குக் கீழ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது; உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. டி.என்.ஏ. மாதிரிகளைக் கையாண்டதில் அத்தனை ஓட்டைகள். இனி மாதிரிகளை எப்படி எடுத்து, எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று நாடு முழுமைக்கும் நெறிமுறையும் வகுத்தது. கல்லெறியவோ மன்னிக்கவோ அந்த இரண்டு குடும்பங்களுக்கு எதிரில் ஆள் இல்லை.