வலைப்பாட்டும் நம் இல்லத்துப் பிள்ளையும்

கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட இல்லத்தில் வளரும் பிள்ளை, மீன்பிடிப்போர் வலை இழுக்கையில் பாடும் பாட்டைப் பள்ளியில் கற்கலாமா? நெம்மேலி போன்ற கடற்கரை ஊர்களில் இஃது ஏட்டளவான வினா அன்று. குப்பத்துப் பிள்ளைகளும், உழவர் வீட்டுப் பிள்ளைகளும், வெளியூரிலிருந்து வந்து குடியேறியோர் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். இசை வகுப்பில் அவரவர் பாட்டுக்கு இடம் தர ஆசிரியர் முற்பட்டால், முதலில் எழுவது "ஏலேலோ"தான். அங்கே நம்மவருள் சிலர் தயங்குகின்றனர். (ஆண்டு விழாவில் பிள்ளைகள் திரைப்படப் பாட்டுக்கு ஆடும்போது இத்தயக்கம் எங்கே போகிறதோ, அறியோம்!)

யாருக்கும் உறுத்தாத பொதுப்பாட்டே பள்ளிக்கு ஏற்றது என்று ஆசிரியப் பயிற்சியில் நமக்குக் கற்பித்தனர். கற்பிக்க எளிதுதான். ஆனால் அப்பாட்டில் எந்தப் பிள்ளையும் தன் வீட்டைக் காண்பதில்லை.

சமண நெறி நின்ற துறவி என நாம் போற்றும் இளங்கோவடிகள் செய்ததை எண்ணிப் பார்ப்போம். அவர் படைத்த கவுந்தியடிகள், மதுரைக்கு வழிநடக்கையில் நீர்க்கரையில் ஊரும் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கிவிடலாகாதே என எச்சரிக்கிறார். அவரே கண்ணகி கோவலனோடு கொற்றவை கோயிலின் ஒரு புறம் இளைப்பாறுகையில், எயினர் குருதிப்பலி தந்து ஆடிப் பாடுகின்றனர். இளங்கோவடிகள் குருதியை நீக்கிவிட்டுப் பூவைத் தூவவில்லை. வேட்டுவ வரியை வேட்டுவர் குரலிலேயே தந்தார். ஆய்ச்சியர்க்குக் குரவை, குறவர்க்குக் குன்றக்குரவை, மீன் உணங்கல் காக்கும் மகளிர் வரும் கானல்வரி என ஒவ்வோர் இசையும் தன் நிலத்தோடு நிற்கிறது. அதனால் அவர் கொல்லாமையைக் கைவிட்டாரல்லர். பாடுதல் வேறு, உடன்படுதல் வேறு. பிறர் வாழ்வை அவர் நின்ற இடத்திலிருந்து நோக்குவது அநேகாந்தத்தின் ஒரு கூறு எனில், சிறுவர்க்கு அதைப் பழக்கப் பாட்டினும் எளிய வழி நாம் கண்டதில்லை.

ஓர் எல்லையும் உண்டு. பாடமாகக் கற்பதை ஏற்கலாம். நம்பிக்கைக்கு மாறாகப் பாடியே தீர வேண்டும் என வற்புறுத்துவதை ஏற்பதற்கில்லை. 1985-இல் கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் நாட்டுப் பண்ணின்போது மரியாதையுடன் எழுந்து நின்றனர்; பாடவில்லை. பள்ளி அவர்களை விலக்கியது. 1986-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்க்க ஆணையிட்டது.

நம் பிள்ளையின் முறை வரும்போது அது எதைப் பாடும் என்பதே நம்மை அதிகம் வருத்தும் வினா. பஞ்ச நமஸ்காரம் தெரியும். அதன் பிராகிருதச் சொற்களுக்குத் தமிழில் பொருள் சொல்லத் தெரியுமா? திருக்கலம்பகத்திலோ ஆதிநாதர் பிள்ளைத்தமிழிலோ ஒரு பாட்டையேனும் இசையோடு பாட வல்ல பிள்ளைகள் நம் இல்லங்களில் எத்தனை பேர்? குப்பத்துப் பிள்ளை தன் பாட்டைத் தாத்தாவிடம் கேட்டுக்கொண்டு வகுப்புக்கு வருகிறது.